பிசிபி என்றால் பொல்யூஷன் போர்டு இல்லை

கார்த்திகை பிறக்க நான்கு நாள் இருந்தது. விடியற்காலை ஆறு மணிக்கு என் கைபேசிக்கு ஒரு குறுஞ்செய்தி: "பிசிபி. அர்ஜென்ட்." குமுளியில் லாட்ஜ் நடத்துகிறவனுக்கு பிசிபி என்றால் ஒன்றுதான், பொல்யூஷன் கண்ட்ரோல் போர்டு. கழிவுநீர் அனுமதியைப் புதுப்பிக்க வேண்டிய வருடம் வேறு. கம்பத்தில் வீட்டில் படுத்திருந்தவன் காப்பிகூடக் குடிக்காமல் வண்டியை எடுத்து, லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறி, ஏழே காலுக்கெல்லாம் லாட்ஜில் நின்றேன். ஃபைலைத் தூசி தட்டி மேசைமேல் வைத்துக்கொண்டு பத்து மணி வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவரும் வரவில்லை.

பத்தரைக்கு, எங்களுக்காகப் போன் எடுக்கும் அந்தக் கம்பெனிக்கே போன் போட்டேன். "சார், பிசிபின்னா ப்ளீஸ் கால் பேக். கெஸ்ட் உங்களைத் திருப்பிக் கூப்பிடச் சொன்னாங்க" என்றார் அந்தப் பெண். சரி, எந்த கெஸ்ட்டை? செய்தியில் இருந்தது எங்கள் லாட்ஜ் நம்பரேதான். என்னை நானே கூப்பிட வேண்டுமாம்.

எங்களுக்கு ஒன்பது அறை. சபரிமலை சீசனில் தேனிப் பக்கத்திலிருந்தும் ஆந்திரா, தெலங்கானாவிலிருந்தும் சாமிமார் இரவு ஒரு மணிக்குக்கூடக் கூப்பிடுவார்கள். கவுண்டரில் இருப்பவர் ஒருவர். அவர் சாவி கொடுப்பாரா, போன் எடுப்பாரா? அதனால்தான் மச்சான் சொன்னதைக் கேட்டு இந்த டெலிபோன் ஆன்சரிங் சர்வீஸில் சேர்ந்தேன். சேர்ந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன், எல்லையோரத்துக்காரர்களுக்கு உதவும்.

அந்த சர்வீஸின் முகவர் கட்டப்பனையில் இருந்தார். நான் தமிழில் பேசியதும் என்னைத் தமிழ்நாட்டுக் கணக்கில் போட்டுவிட்டார். ஆதாரில் கம்பம் முகவரி, பின்கோடு 625516. லாட்ஜ் இருப்பது 685509. ஜிஎஸ்டி எண் கேரளாவுக்கான 32-இல் தொடங்குகிறது, படிவத்திலோ தமிழ்நாட்டின் 33 என்று நிரப்பியிருந்தார்கள். ஒரு வாரம் கழித்து விண்ணப்பம் திரும்பி வந்தது. மறுபடி முப்பது கிலோமீட்டருக்கு மேல் வளைவு வளைவாக ஓட்டிக்கொண்டு போனால், கட்டட வரி ரசீது மச்சான் பெயரில் இருக்கிறது, அவருடைய சம்மதக் கடிதம் வேண்டும் என்றார் அங்கிருந்த சேச்சி. அதுவும் கையில் இருந்தது, எடுத்து நீட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டு, "சீல் எவிடெ?" என்றார். சீல் குமுளியில் மேசை டிராயரில். "நாளெ வரூ." அந்த நாளின் பெட்ரோல் காசை யாரிடம் கேட்பது? கிளம்பும்போது லெட்டர்ஹெட்டையும் சீலையும் பைக்குள் போட்டுக்கொள்ளுங்கள். ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கத்தை முகவர் எப்படி எழுதுகிறார் என்று கண்ணால் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

அதற்கப்புறம் பணம் கட்டியது, எண் ஒதுக்கியது எல்லாம் ஒரே நாளில் முடிந்தது. சிக்கல் போனைத் திருப்பிவிடும் இடத்தில் வந்தது.

எங்கள் பழைய எண் 04869-இல் தொடங்கும் லேண்ட்லைன். பதினைந்து வருடமாகப் பெயர்ப்பலகையில் இருப்பது அதுதான், விட மனசில்லை. யாரும் எடுக்காவிட்டால் அவர்கள் தந்த பத்து இலக்க எண்ணுக்குப் போகும்படி வைக்கச் சொன்னார்கள். வைத்தோம், போகவில்லை. இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு லைன்மேன் ஒருவர்தான் சொன்னார்: 2021 ஜனவரி 15-இலிருந்து லேண்ட்லைனிலிருந்து கைபேசிக்கு அடித்தால் முன்னால் பூஜ்யம் வேண்டும், திருப்பிவிடும் எண்ணுக்கும் அதே கதைதான். பூஜ்யம் சேர்த்ததும் போனது. எங்கள் லாட்ஜ் மேலாளரின் கைபேசிக்கு வேறு கூத்து. கம்பெனி தந்த தாளில் ஸ்டார் 401 அடிக்கச் சொல்லியிருந்தது. அந்த முறையை வைத்து மோசடி நடக்கிறது என்று 2024 ஏப்ரல் 15 முதல் நிறுத்தச் சொல்லித் தொலைத்தொடர்புத் துறை உத்தரவு போட்டு நாளாகிவிட்டது. தாள் மட்டும் மாறவில்லை. போனின் செட்டிங்ஸில் போய் வைத்தோம். யாராவது முன்பின் தெரியாதவர் போனில் வந்து 401 அடிக்கச் சொன்னால் உடனே வைத்துவிடுங்கள், உங்களுக்கு வரும் ஓடிபி அழைப்பு அவருக்குப் போய்விடும்.

இப்போது அந்த பிசிபிக்கு வருவோம். அழைத்தவரின் எண்ணுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் சிஎல்ஐ. திருப்பிவிட்ட அழைப்பில் சில நேரம் உண்மையான எண் தொலைந்து, திருப்பிவிட்டவரின் எண்ணே அந்தப் பக்கம் தெரியும். எங்களுக்கு அப்படித்தான் ஆகியிருந்தது. அன்று காலை வந்த செய்திகளில் பதினோரு பேருக்கும் இருந்தது எங்கள் சொந்த நம்பர். இதற்குத் தீர்வு டிஐடி, அதாவது நமக்கென்றே ஒதுக்கிய நேரடி எண். கெஸ்ட் அதற்கே நேராக அடித்தால் அவர்கள் திரையில் எந்த லாட்ஜ் என்று தெரிந்துவிடும், கூப்பிட்டவர் எண்ணும் அப்படியே வரும். எனக்கு ஒதுக்கிய பத்து இலக்க எண்ணே டிஐடிதானாம்! நேரடியாக விளம்பரத்தில் போட்டிருக்கலாம். இதை முதல் நாளே யாராவது சொன்னார்களா?

பேட்ச் என்றொரு வார்த்தை. கூப்பிட்டவரை லைனில் வைத்துக்கொண்டு நம்மோடு இணைப்பது. பேட்ச் செய்ய நான் கொடுத்திருந்தது அதே லேண்ட்லைன். அவர்கள் இணைக்கிறார்கள், நாங்கள் எடுக்கவில்லை, அது திரும்பி அவர்களுக்கே போகிறது, அவர்கள் மறுபடி இணைக்கிறார்கள். விஜயவாடா சாமி ஒருவர் இப்படி நான்கு சுற்று சுற்றிவிட்டுத் தெலுங்கில் திட்டினாராம். பேட்சுக்கு, திருப்பிவிடாத வேறொரு எண்ணைக் கொடுங்கள்.

செய்தியில் வரும் மற்ற எழுத்துகள் எளிது, யாராவது சொன்னால். டபிள்யூசிபி என்றால் அவரே மறுபடி கூப்பிடுவார், பிசிபி என்றால் நாம் கூப்பிட வேண்டும். இந்த இரண்டையும் மேலாளர் மாற்றிப் புரிந்துகொண்டதில் ஒரு பஸ் நிறைய ஆட்கள் வேறு லாட்ஜுக்குப் போனார்கள். ஹெச்யூ, பேசாமல் வைத்துவிட்டார். ஆர்என்ஆர், மணி அடித்தும் எடுக்கவில்லை. டபிள்யூஎன், தவறான எண். ஆனால் ஆபரேட்டர் பார்த்துப் பேசும் ஸ்க்ரிப்டில் இல்லாததை எந்த எழுத்தும் காப்பாற்றாது. கூடலூர் வழியாக வரலாமா என்று கேட்ட சாமிக்கு, ஆபரேட்டர் நீலகிரிக் கூடலூரை நினைத்துக்கொண்டு ஊட்டிப் பாதை சொல்லியிருக்கிறார். நம்ம கூடலூர் கம்பத்துக்கு அடுத்தது என்று இப்போது ஸ்க்ரிப்டின் முதல் வரியிலேயே எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

முதல் மாத அறிக்கையைப் பார்த்து ஏமாந்ததைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது. ஏஎஸ்ஏ 14 வினாடி, அபேன்டன் 3 சதவீதம். ஏஎஸ்ஏ என்பது சராசரியாக எத்தனை வினாடியில் எடுத்தார்கள் என்பது, அபேன்டன் என்பது எடுப்பதற்குள் வைத்துவிட்டவர்கள். பிரமாதம் என்று மச்சானிடம் பெருமையடித்தேன். சீசனில் மூன்று அறை காலியாகக் கிடக்கிறதே என்று அவர்தான் யோசித்துத் தேனியிலிருந்து கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அடித்துப் பார்த்தார். மணி அடித்ததும் மலையாளத்தில் வரவேற்பு, பிறகு ஆங்கிலம், பிறகுதான் தமிழ், தெலுங்கு. மொத்தம் 48 வினாடி. அதுவரை அவர்களுடைய கடிகாரம் ஓடவே ஓடாது, வரிசையில் சேர்ந்த பிறகுதான் கணக்கு. எடுத்த அழைப்புக்குத்தான் ஏஎஸ்ஏ. வரவேற்பிலேயே வைத்துவிட்டவர்கள் அபேன்டனில் வரமாட்டார்கள், அந்தப் பதிவுக் குரலுக்கு ஐவிஆர் என்று பெயர், ஐவிஆர் ட்ராப் என்று கடைசிப் பக்கத்தில் தனிக் கட்டம், அதில் இருநூறுக்கு மேல். மலையாளம் கேட்டதும் ராங் நம்பர் என்று நம்ம ஊர்க்காரர்கள் வைத்துவிட்டார்கள், வேறென்ன? இப்போது முதல் மூன்று வினாடியில் லாட்ஜ் பெயர், உடனே தமிழுக்கு ஒன்று, மலையாளத்துக்கு இரண்டு, தெலுங்குக்கு மூன்று. அவ்வளவுதான்.

பில் இதைவிட மோசம். மாதம் 4,000 ரூபாய்க்கு 1,000 நிமிடம், மேலே போனால் நிமிடத்துக்கு ஐந்து ரூபாய். வந்த அழைப்பு 830, சராசரிப் பேச்சு 55 வினாடி. ஆயிரத்துக்குள் அடங்க வேண்டும். பில் 1,660 நிமிடத்துக்கு வந்தது. ஒப்பந்தத்தில் ஏஹெச்டி அடிப்படையில் கட்டணம் என்று ஒரு வரி இருக்கிறது. பேசிய நேரம், காத்திருக்க வைத்த நேரம், வைத்த பிறகு ஆபரேட்டர் தட்டச்சு செய்யும் நேரம் மூன்றும் சேர்ந்தது ஏஹெச்டி. அந்த மூன்றாவதற்கு ஏசிடபிள்யூ என்று பெயர், எங்களுக்கு 40 வினாடி. 55-உம் 40-உம் 95. பல்ஸ், அதாவது கட்டணம் கணக்கிடும் அலகு, 60 வினாடி, ஆக ஒவ்வொரு அழைப்பும் சராசரியாக இரண்டு நிமிடம். பிசிபி என்று மூன்றெழுத்து அடிக்க நாற்பது வினாடியா என்று கேட்டேன். கம்பெனி மேலதிகாரி பதில் சொல்லவில்லை, ஆனால் இரண்டு நாள் இழுத்த பிறகு பேசிய நேரத்துக்கு மட்டும் கட்டணம் என்று எழுதித் தந்தார். கூடுதலாகப் பிடித்த 3,300 ரூபாயில் பாதியைக் கிரெடிட் நோட்டாகத் தருவதாகவும் ஒத்துக்கொண்டார்.

அந்த 1,650 இன்னும் வரவில்லை. நேற்றுப் புகார் எண்ணைப் போட்டு நிலவரம் கேட்டேன். பதில் குறுஞ்செய்தியாக வந்தது: "டபிள்யூசிபி."