கேட்டரிங் வச்சுக்கிட்டு பொண்ணுக்கு காலேஜ் எய்டு கேட்ட கதை

அமெரிக்கால சின்னதா கேட்டரிங் பண்றோம், நான், வீட்டுக்காரர், உதவிக்கு ரெண்டு பேர், அவ்ளோதான். பெரியவ 2024-25ல காலேஜ் சேர்றப்ப தான் ஃபாஃப்ஸா (காலேஜ் செலவுக்கு அரசாங்க உதவி கேட்டு நிரப்புற ஃபார்ம்) பக்கமே போனோம். முன்னாடி பிள்ளைங்கள சேர்த்தவங்க எல்லாரும் 100 பேருக்கு மேல ஆள் இல்லாத குடும்ப பிசினஸ்னா அதோட மதிப்ப போடவே வேணாம்னு சொல்லி வச்சிருந்தாங்க, நானும் நிம்மதியா இருந்தேன், பாத்தா கரெக்டா எங்க வருஷத்துல இருந்து அந்த சலுகைய தூக்கிட்டாங்க! 2026-27ல இருந்து திரும்ப குடுத்துட்டாங்க, சின்னவன் அதிர்ஷ்டக்காரன். ஃபார்மும் அக்டோபர்ல வரவேண்டியது டிசம்பர் கடைசில தான் திறந்துச்சு.

சரி, மதிப்புன்னு என்னத்த போடறது? வீட்டுக்காரர் வாங்கின விலைய எல்லாம் கூட்டிட்டு உக்காந்திருந்தாரு. எங்க டாக்ஸ் பாக்குறவர் தான் தடுத்தாரு, இன்னைக்கு வித்தா என்ன கிடைக்குமோ அது, அதுல பிசினஸ் கடன கழிங்கன்னாரு. வேன், ஃப்ரீசர், அடுப்புன்னு ஒவ்வொண்ணும் பழசுல என்ன விலைக்கு போகுதுன்னு தேடி எழுதி லோன கழிச்சா ஒண்ணும் பெருசா மிஞ்சல. அந்த லிஸ்ட்ட பத்திரமா வைங்க, பின்னாடி ஒரு காலேஜ் எங்ககிட்ட கேட்டுச்சு.

உண்மையான தலைவலி சிஎஸ்எஸ் ப்ரொஃபைல் தான், காலேஜுங்க தங்களோட சொந்த உதவிப்பணத்த முடிவு பண்ண கேக்குற தனி ஃபார்ம். பிரைவேட் காலேஜுங்க நிறைய கேக்கும், முதல் காலேஜுக்கு 25 டாலர், அடுத்தடுத்து 16, வருமானம் கம்மின்னா ஃபீஸ் இல்ல. ஷெட்யூல் சி-ல (சொந்த தொழில் லாப நஷ்டம் காட்டுற டாக்ஸ் ஃபார்ம்) வேனுக்கு போட்ட டிப்ரிசியேஷன, அதாவது வருஷா வருஷம் தேயுற மதிப்புக்கு கழிச்ச தொகைய, அது கைய விட்டு போன காசு இல்லயேன்னு திரும்ப வருமானத்துல சேத்துட்டாங்க. ஆனா மாசாமாசம் லோன் அசலுக்கு கட்டுறது நிஜமாவே போற காசு, அது செலவு கணக்குல எங்கயுமே வராது! இதுல வேற அவங்க பாக்குறது 2022 டாக்ஸ், அது எங்களுக்கு நல்ல வருஷம், 2023ல தினம் லன்ச் எடுத்துட்டு இருந்த ஆபிஸ் ஆர்டரே நின்னு போச்சு.

எய்ட ஏத்தி குடுங்கன்னு காலேஜுங்ககிட்ட அப்பீல் பண்ணோம். வீட்டுக்காரர் எழுதின முதல் லெட்டர் ஒரே அழுகாச்சி, படிச்ச எனக்கே பாவமா இருந்துச்சு, ஆனா நம்பரே இல்ல. அத தூக்கி போட்டுட்டு மாசவாரியா வரவு செலவு, ஆர்டர் கேன்சல் பண்ண ஈமெயில், லோன் ஸ்டேட்மென்ட், 2023 டாக்ஸ் ரிட்டர்ன், மேல ஒரே பக்கம் விளக்கம்னு அனுப்பினோம். ஒரு காலேஜ் ரெண்டே வரில முடியாதுன்னுடுச்சு. இன்னொண்ணு போன் பண்ணி, வேன வீட்டு வேலைக்கும் ஓட்டுவீங்களான்னு கேட்டாங்க, இல்லைங்க, அதுல சாம்பார் வாசனை போகவே போகாதுன்னேன், சிரிச்சுட்டாங்க. மூணு வாரத்துல கிராண்ட (திருப்பி கட்ட வேண்டாத உதவிப்பணம்) ஏத்தி புது லெட்டர் வந்துச்சு, பெரியவ அங்கதான் படிக்கிறா.