ஒன்றா, இரண்டா? மூன்று தடவை ரத்தம் கொடுத்த கதை

என் மனைவிக்கு முதல் கர்ப்பம் கலைந்ததால் இந்தத் தடவை மூன்றாம் மாதமே டார்ச் டெஸ்ட் எடுக்கச் சொன்னார்கள்; வயிற்றுக் குழந்தையைப் பாதிக்கக்கூடிய சில தொற்றுகளைத் தேடும் ரத்தப் பரிசோதனை அது. மறுநாளே வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட். ரூபெல்லா, டாக்ஸோ எல்லாம் ஒழுங்கு. கடைசி வரி மட்டும் தடித்த எழுத்தில்: எச்.எஸ்.வி. 1, 2 ஐஜிஎம் பாசிட்டிவ். எச்.எஸ்.வி. என்றால் ஹெர்பீஸ் வைரஸ், 1, 2 அதன் ரெண்டு வகை; ஐஜிஎம் என்பது தொற்று வந்ததும் உடம்பு முதலில் உண்டாக்கும் எதிர்ப்பொருள்.

கூகுளில் தேடியது நான் செய்த தப்பு. பிறப்புறுப்பு ஹெர்பீஸ் என்று வந்ததும் அவள் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். ரெண்டு பேரும் ஒன்றும் கேட்கவில்லை. ராத்திரி கஞ்சி அடுப்பிலேயே ஆறிக் கிடந்தது.

தக்கலையில் பார்த்த டாக்டரம்மா அந்தத் தாளை ஓரமாகத் தள்ளினார். ஐஜிஎம்மை நம்பி எதையும் முடிவு செய்யக்கூடாதாம். பழைய தொற்று மறுபடி கிளம்பினாலும் பாசிட்டிவ் காட்டும். சின்னம்மை வைரஸும் இதே குடும்பம்தான், அதற்கு உண்டான எதிர்ப்பொருள் வந்து ஒட்டினாலும் காட்டும். பெரும்பாலும் உதட்டில் வரும் ஒன்றாம் வகையா, பெரும்பாலும் பிறப்புறுப்பில் வரும் இரண்டாம் வகையா என்றும் பிரித்துச் சொல்லாது. "வாழை இலையப் பாத்து மட்டியா ரசகதலியாண்ணு சொல்லுவீங்களா? குலை தள்ளணும்லா" என்றார். இங்கே குலை என்பது கிளைக்கோபுரோட்டீன் ஜி என்கிற வைரஸ் புரதம். மற்ற புரதங்கள் பலவும் ரெண்டு வைரஸிலும் ஒரே சாயல். இது மட்டும் நன்றாக வேறுபடும். அதற்கு எதிரான ஐஜிஜியை, அதாவது தொற்றுக்குப் பிறகு நெடுநாள் ரத்தத்தில் இருக்கும் எதிர்ப்பொருளை, ரெண்டு வகைக்கும் தனித்தனியாகப் பார்க்கணும் என்று சீட்டில் எழுதி, 'தனித்தனி'க்குக் கீழே கோடும் போட்டார்.

அந்தக் கோட்டைத்தான் நாகர்கோவில் லேப் கவுண்டரில் யாரும் பார்க்கவில்லை. "ஹெர்பீஸா?" என்று பின்னால் நின்ற ஏழெட்டுப் பேருக்கும் கேட்கிற மாதிரி ஒரு சத்தம், 'ஒன்று பிளஸ் இரண்டு' என்று ஒரே பில். ஆறு நாள் காத்திருந்து, கொட்டுகிற மழையில் குலசேகரத்திலிருந்து பஸ் ஏறிப் போனால், தாளில் ஒரே ஒரு எண். பாசிட்டிவ். எந்த வகைக்கு? "அது டாக்டர்ட்டதான் கேக்கணும்." சீட்டை நீட்டிக் கோட்டைக் காட்டினேன். "இது வேற டெஸ்ட் சார், முதல்லயே சொல்லாண்டாமா?"

அதனால் சொல்கிறேன்: ரத்தம் கொடுக்கும் முன் பில்லைப் படியுங்கள். ரெண்டு வகைக்கும் ரெண்டு வரி இருக்கணும். எண்ணையும் கேட்டு வாங்குங்கள்; இரண்டாம் வகையில் 1.1க்கு மேல், 3க்குள் என்றால் பொய்ப் பாசிட்டிவாக இருக்க வாய்ப்பு அதிகம், வேறு முறையில் உறுதி செய்யாமல் நம்பவேண்டாம். தொற்று புதுசு என்று சந்தேகமிருந்தால் நெகட்டிவும் உறுதியில்லை, எதிர்ப்பொருள் தெரிய 12 வாரம்கூட ஆகும்.

மூன்றாவது ஊசிக்குப் பிறகு வந்தது அந்த ரெண்டு வரி. ஒன்று பாசிட்டிவ். இரண்டு 0.4, நெகட்டிவ். எனக்கும் எடுக்கச் சொன்னார்கள், அதேதான். உடம்பில் எந்த இடம் என்று இந்த டெஸ்ட் சொல்லாது என்றார் டாக்டரம்மா. ஆனால் மாமியிடம் பட்டும் படாமலும் கேட்டபோது, "சின்னதுலயே காய்ச்சல் வரும்பம் இவளுக்க உதட்டோரம் பொங்குமே, அதா? எனக்கும் உண்டு மக்கா" என்றார் சர்வசாதாரணமாக.

தப்பாகப் போட்ட டெஸ்டுக்கான 900 ரூபாயை ரெண்டு தடவை கேட்டாச்சு. மேனேஜர் வெள்ளிக்கிழமை வருவாராம்.