உறப்பு சொல்ல முடியாத 11 வாரங்கள்

போன மாதம் ராத்திரி பத்து மணிக்கு எங்கள் தெருப் பெண் ஒருத்தி ஸ்கேன் ரிப்போர்ட்டை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு வந்து நின்றாள். "அக்கா, உங்களுக்கு அப்ப என்னெல்லாம் பண்ணாங்க?" என்று கேட்டாள். உட்காரவைத்துச் சொன்னதைத்தான் இங்கேயும் எழுதுகிறேன்.

எங்களுக்குச் செங்கோட்டைப் பக்கம், புளியரைக்கு முந்தின ஊர். வீட்டுக்காரர் பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி ஏற்றி, கோட்டைவாசல் தாண்டி, விடிவதற்குள் புனலூர், கொட்டாரக்கரை கடைகளில் இறக்குகிறவர். என் சொந்த அத்தை மகன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அடுத்து நடந்த எல்லாவற்றுக்கும் ஊர் கண்டுபிடித்த காரணம் இதுதான்.

2023 ஜூன். 13ஆவது வாரம். தென்காசியில் என்.டி. ஸ்கேன் எடுத்த டாக்டர், "பிள்ளையோட கழுத்துக்குப் பின்னாடி நீர் கொஞ்சம் கூடுதலா இருக்கும்மா" என்றார். 4.1 மில்லிமீட்டர் என்று எழுதி அதைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டார். 3.5 வந்துவிட்டாலே மேற்கொண்டு பார்க்க வேண்டும் என்பது பிறகுதான் தெரிந்தது. இன்னொரு இடத்தில் காட்டினோம். அங்கே இருந்தவர் தாளை ஒரு நிமிஷம்கூடப் பார்க்கவில்லை. "சின்ன வயசுதானே, இதை விட்டுட்டு அடுத்தது பாருங்க" என்றார். அந்த வார்த்தை இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. 4.1 என்பது ஒரு எச்சரிக்கை மட்டும்தான். குரோமோசோமும் அடுத்தடுத்த ஸ்கேனும் சரியாக இருந்தால் பெரும்பாலான பிள்ளைகள் நல்லபடியாகத்தான் பிறக்கின்றன. அதை அன்றைக்கே அவர் சொல்லியிருக்கலாம்.

கர்ப்பத்தைப் பதிவு செய்து பிக்மி நம்பர் போட்டுத் தந்த கிராம நர்ஸம்மாதான், "யார் சொன்னாலும் எதையும் கலைக்காத, முதல்ல கருவுக்குன்னே பாக்குற டாக்டர்கிட்ட போ" என்று பிடிவாதமாக நின்றார். அவருக்குத் தெரிந்த இடமாகத் திருவனந்தபுரத்துக்குப் போனோம். தென்மலை, குளத்துப்புழை, பாலோடு, நெடுமங்காடு வழியாக 100 கிலோமீட்டருக்கு மேல். மசக்கையும் மலை வளைவும் சேர்ந்து, கையில் ஒரு எலுமிச்சம்பழமும் மடியில் ஒரு பிளாஸ்டிக் பையுமாகத்தான் ஒவ்வொரு தடவையும் போய் வந்தேன்.

அங்கே டாக்டரம்மா மலையாளம்தான் பேசினார். "மோளே, பேடிக்கண்ட", மகளே பயப்படாதே என்று கையைப் பிடித்துக்கொண்டார். மூன்று மணி நேரம் அடக்கிவைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது. அத்தை பக்கத்தில் நின்று, கேட்கக் கூடாததைக் கேட்பது போலத் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "சொந்தத்துல கெட்டுனதாலயா டாக்டர்? நான்தான் இவளைக் கேட்டுக் கெட்டிக்கிட்டு வந்தேன்."

டாக்டர் அதற்குச் சொன்ன பதிலை எங்கள் பக்கத்தில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். சொந்தத்தில் கட்டினால் கூடுகிற ஆபத்து, அம்மாவிடமும் அப்பாவிடமும் ஒரே பழுது ஒளிந்திருந்து, பிள்ளைக்கு இரண்டும் சேர்ந்து வருகிற நோய்களுக்கு. அந்த ஆபத்து உண்மைதான், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கழுத்து நீர் கூடுவதற்கு முதலில் தேடுகிற காரணங்கள் பலவும் அந்த வகையே இல்லை. சொந்தத்தில் கட்டாதவர்களுக்கும் அதே அளவு வருகிறவை. அத்தை அதைக் கேட்டுவிட்டு வெளியே வந்து பெஞ்சில் வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

நஞ்சுக்கொடியிலிருந்து துணுக்கு எடுத்துப் பார்க்கிற நாட்கள் எங்களுக்குக் கடந்துகொண்டிருந்தன. அதனால் 16 வாரம் ஆகட்டும், பனிக்குட நீர் எடுப்போம் என்றார்கள். கையெழுத்துப் போட வேண்டிய தாள் மலையாளத்தில் இருந்தது. பெண்ணுக்குப் புரிகிற மொழியில் சொல்லித்தான் சம்மதம் வாங்க வேண்டும் என்று 1994ஆம் வருஷத்துச் சட்டம் இருக்கிறது. மார்த்தாண்டத்துக்கார நர்ஸ் ஒருவர் வந்து வரி வரியாகத் தமிழில் வாசித்துச் சொன்னார். ஆணா பெண்ணா என்று சொல்ல மாட்டோம், கேட்கவும் கூடாது என்பதும் அதில் ஒரு வரி.

ஊசியைப் பற்றி நினைத்துப் பயந்த பயம்தான் பெரிது. ஸ்கேன் கருவியை வயிற்றில் வைத்துப் பிள்ளை இருக்கும் இடத்தைப் பார்த்துக்கொண்டே நீளமான, மெல்லிய ஊசியை இறக்கினார்கள். முதலில் எடுத்த கொஞ்சம் நீரைத் தனியே ஒதுக்கினார்கள். என்னுடைய அணுக்கள் அதில் கலந்திருக்கக்கூடும் என்பதற்காக. பிறகு 20 மில்லி. எலுமிச்சை ஜூஸில் நிறையத் தண்ணீர் விட்டுக் கலக்கியது போல வெளிர் மஞ்சள். அதில்தான் பிள்ளை மிதந்துகொண்டிருக்கிறது, அதன் தோலில் இருந்து உதிர்ந்தது எல்லாம் அதில் இருக்கிறது என்று நர்ஸ் சொன்னபோது, அந்தக் குழாயைத் தொட்டுப் பார்க்க வேண்டும் போல இருந்தது. ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. கர்ப்பம் கலையும் ஆபத்து நூற்றில் ஒன்றுக்கும் குறைவு என்று சொல்லித்தான் செய்தார்கள். இரண்டு நாள் படுத்திருந்தேன்.

மூன்றாம் நாள் போன். 13, 18, 21 மூன்று குரோமோசோமும் சரி. டவுன் சிண்ட்ரோம் இல்லை. இரண்டு வாரம் கழித்து, குரோமோசோமில் சின்னச் சின்னத் துண்டு குறைந்தோ கூடியோ இருக்கிறதா என்று பார்க்கிற மைக்ரோஅரேயும் சரி. வீட்டில் கேசரி கிண்டினார்கள். ஆனால் கழுத்து நீர் கூடுதலாக இருந்து குரோமோசோமும் சரியாக இருந்தால் அடுத்துத் தேட வேண்டியது ஒரு மரபணு மாறுவதால் வருகிற நூனன் சிண்ட்ரோம், அதே இனத்தைச் சேர்ந்த நோய்கள் என்றார் டாக்டர். மரபணுக்களை எழுத்து எழுத்தாக வாசிக்கிற எக்ஸோம் பரிசோதனை. நாலு வாரம் ஆகும்.

இங்கேதான் நாங்கள் ஒரு தப்பு செய்தோம். பிள்ளையின் மாதிரியோடு எங்கள் இருவர் ரத்தத்தையும் சேர்த்து மூன்று பேருக்கும் பார்க்கலாம், பணம் கூடும் என்றார்கள். ஏற்கெனவே அத்தையின் வளையல் அடகில் இருந்தது. பிள்ளைக்கு மட்டும் பார்த்தால் போதும் என்றோம். பணம் எப்படியாவது புரளுமென்றால் மூன்று பேருக்கும் சேர்த்தே அனுப்பிவிடுங்கள். நாங்கள் மிச்சம் பிடித்த பணத்துக்கு 11 நாள் தூக்கம் போனது.

20ஆவது வார ஸ்கேனில் கை, கால், மூளை, சிறுநீரகம் எல்லாம் சரி. இதயத்திலிருந்து நுரையீரலுக்குப் போகிற வால்வு மட்டும் லேசாகத் தடித்திருக்கிறது என்றார்கள்.

ஆகஸ்ட் 20 வாக்கில் ரிப்போர்ட் வந்தது. டாக்டரைப் பார்க்க மறுநாள்தான் நேரம். அதற்கு முன்னாலேயே வாட்ஸப்பில் வந்து விழுந்தது. அவர் லோடு ஏற்றப் போயிருந்தார். நான் தனியாக உட்கார்ந்து திறந்தேன். எஸ்.ஓ.எஸ்.1 என்று ஒரு மரபணு, பக்கத்தில் நூனன் என்ற பெயர். போனில் தேடினேன். படம் படமாக வந்தது. விடியவிடிய பார்த்தேன். அந்த ராத்திரியை யாருக்கும் கொடுக்க மாட்டேன். தயவுசெய்து ரிப்போர்ட்டை விளக்குகிறவர் முன்னால் உட்கார்ந்த பிறகு திறங்கள்.

மறுநாள் மரபணு ஆலோசகர் ஒரு வெள்ளைத் தாளில் வரிசையாக ஐந்து கட்டம் போட்டார். 2015இல் அமெரிக்க மரபியல் மருத்துவர்கள் வகுத்த முறை, இப்போது பெரும்பாலான லேபுகள் அதைத்தான் பின்பற்றுகின்றன என்றார். முதல் கட்டம் தீங்கற்றது. இரண்டாவது அநேகமாகத் தீங்கற்றது. நாலாவது அநேகமாக நோய் தருவது. ஐந்தாவது நோய் தருவது. பேனாவை நடுக் கட்டத்தில் வைத்து அழுத்தினார். "உங்க பிள்ளையோட மாற்றம் இங்க இருக்கு. உறப்பிச்சு பறயான் பற்றில்லா."

உறுதியாகச் சொல்ல முடியாது என்று அர்த்தம். உறப்பு என்றால் உறுதி. அதற்கப்புறம் எங்கள் வீட்டில் அந்த மலையாளச் சொல்லே நின்றுவிட்டது. வீட்டுக்காரர் போனில், "உறப்பு ஏதும் வந்துச்சா?" என்றுதான் கேட்பார்.

ஏன் உறுதியில்லை என்று கேட்டேன். ஒரு எழுத்து மாறியிருப்பது தெரிகிறது, அந்த மாற்றத்தோடு நோய் வந்தவர்களையும் வராதவர்களையும் போதுமான அளவு பார்த்தால்தானே தீர்ப்புச் சொல்ல முடியும், உலகத்தில் சேர்த்துவைத்திருக்கிற மரபணுப் பட்டியல்களில் நம் ஊர்ப்பக்கத்து ஆட்கள் குறைவு, அதனால் நம்மவர்களுக்கு இந்த நடுக் கட்டம் அதிகமாக விழுகிறது என்றார். அதைக் கேட்டு எனக்கு ஏனோ கொஞ்சம் நிம்மதி. குறை பிள்ளையிடம்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, கணக்குப் புத்தகத்திலும் இருக்கலாம்.

நூனனையும் பொறுமையாக விளக்கினார். ஜாக்குலின் நூனன் என்கிற குழந்தைகள் இதய மருத்துவர், இதே வால்வு சுருங்கிய பிள்ளைகள் சிலர் முகச்சாயலிலும் ஒன்றுபோல இருப்பதைக் கவனித்து 1963இல் எழுதினாராம். 1,000 முதல் 2,500 பிறப்புகளுக்கு ஒன்று என்கிறார்கள். உயரம் குறைவு, இறங்கின இமை, அகன்ற கழுத்து. சிலருக்குப் படிப்பு மெதுவாக வரும். சிலருக்கு இதயத் தசை தடித்துச் சின்ன வயதிலேயே ஆபத்தாகும். நிறையப் பேர் படித்து, வேலைக்குப் போய், கல்யாணம் செய்து, தனக்கு இது இருப்பதே தெரியாமல் வாழ்கிறார்கள். ஒரே பெயருக்குள் இவ்வளவு தூரம்.

சட்டத்தையும் அவரேதான் சொன்னார், எந்தப் பக்கமும் தள்ளாமல். 2021இல் திருத்தின கருக்கலைப்புச் சட்டப்படி, இப்படிப்பட்ட காரணங்களுக்கு இரண்டு டாக்டர்களின் கருத்தோடு 24 வாரம் வரை. அதற்கு மேல் என்றால், பெரிய குறைபாடு என்று மருத்துவ வாரியம் ஒப்புக்கொள்ள வேண்டும். அன்றைக்கு எனக்கு 22 வாரம் மூன்று நாள். பிள்ளை நன்றாக உதைக்க ஆரம்பித்திருந்தது. தினசரி காலண்டரில் தாள் கிழிக்கிற வேலையை அத்தை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார்.

இனிச் செய்ய வேண்டியது எங்கள் இருவர் ரத்தத்தில் அதே மாற்றம் இருக்கிறதா என்று பார்ப்பது. இரண்டு பேரிடமும் இல்லாமல் பிள்ளையிடம் புதிதாகத் தோன்றியிருந்தால் சந்தேகம் கூடும். ஆரோக்கியமாக இருக்கும் ஒருவரிடமிருந்து வந்திருந்தால் குறையும். அந்த 11 நாள் இதற்குத்தான்.

ஓணச் சமயம். ஆகஸ்ட் 29 திருவோணம். காய்கறி லோடு மூன்று மடங்கு. அவர் வீட்டுக்கு வந்து நாலு மணி நேரம் தூங்கினால் பெரிது. ஒரு விடியற்காலை வந்தவர் கட்டிலில் உட்கார்ந்து, "எந்திரி, பேசணும்" என்றார். வழியெல்லாம் யோசித்திருக்கிறார். மோசமான தாள் வந்தால் என்ன செய்வோம், இப்படியே நடுக் கட்டமாகவே நின்றால் என்ன செய்வோம். அரை மணி நேரம் பேசினோம். இதயத் தசை மோசமாகி, பிள்ளை வலியோடு பிறந்து வலியோடு போகும் என்றால் ஒரு முடிவு. மற்ற எதுவானாலும் பெற்று வளர்ப்போம். வேறு முடிவு எடுக்கிறவர்களை நான் ஒருநாளும் குறை சொல்ல மாட்டேன். அந்தக் காலண்டர் அவரவர் வீட்டில் தொங்கினால்தான் தெரியும்.

சரியாக 24ஆவது வாரத்தில் போன் வந்தது. என்னிடம் இல்லை. அவரிடம் அதே மாற்றம்.

நல்ல செய்தி என்று குதிக்க முடியவில்லை. அவருக்கே லேசான நூனன் இருந்தால்? டாக்டர் அவரைச் சட்டையைக் கழற்றச் சொல்லி நெஞ்செலும்பைத் தடவிப் பார்த்தார், டேப் வைத்து அளந்தார், இமை, காது, பின்கழுத்து எல்லாம் பார்த்தார். இதயத்துக்கு எக்கோ ஸ்கேனும் எடுத்தார்கள். சுத்தமாக இருந்தது. "சின்ன வயசுப் போட்டோ இருக்கா? வயசாக ஆக முகத்துல அடையாளம் மறைஞ்சுபோகும்" என்றார். அத்தை மறுதடவை வரும்போது மஞ்சள் பையில் சுற்றி ஒரு போட்டோ கொண்டுவந்தார். மொட்டை போட்ட ஐந்து வயதுப் பையன், நெற்றி நிறையச் சந்தனம், முறைத்துக்கொண்டு நிற்கிறான். டாக்டர் ஜன்னல் பக்கம் எடுத்துப்போய் வெகுநேரம் பார்த்தார். பிறகு அத்தையையும் அதேபோலப் பார்த்துவிட்டு, "அம்மயுடே ரத்தம் கூடி எடுக்காம்" என்றார். அம்மா ரத்தத்தையும் எடுத்துப் பார்க்கலாம் என்று.

அத்தைக்கும் இருந்தது. நாலு பெற்று, நாற்று நட்டு, இன்றைக்கும் நெல் மூட்டைக்குக் கை கொடுக்கிறவர். "எங்கிட்ட இருந்தா வந்துச்சு ஏட்டி?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். "உங்ககிட்ட இருந்து வந்ததாலதான் அத்தை எனக்குத் தைரியம்" என்றேன். சமாதானத்துக்குச் சொன்னதில்லை. மூன்று தலைமுறையில் இரண்டு பேர் அதைச் சுமந்துகொண்டு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறார்கள் என்பதுதான் எங்களுக்குக் கிடைத்த பெரிய ஆதாரம்.

டிசம்பர் 12ஆம் தேதி திருவனந்தபுரத்திலேயே பிறந்தாள். வால்வில் லேசான சுருக்கம், மருந்து வேண்டாம், பார்த்துக்கொண்டிருந்தால் போதும் என்றார்கள். 17ஆம் தேதி பெய்த பெருமழையில் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கமெல்லாம் வெள்ளத்தில் மூழ்கியபோது, ஊருக்குத் திரும்ப வழியில்லாமல் ஒரு லாட்ஜ் அறையில் அவளை வைத்துக்கொண்டு இருந்தோம். அவள் பால் குடிக்கும்போது வியர்க்கிறதா, மூச்சு வாங்குகிறதா என்று பார்க்கச் சொல்லியிருந்தார்கள். நானும் அத்தையும் மாறி மாறி முழித்திருந்து பார்த்தோம். வியர்க்கவில்லை.

இரண்டு வயது தாண்டிவிட்டது. வருஷத்துக்கு ஒரு எக்கோ, உயரமும் எடையும் அளந்து ஒரு தாளில் புள்ளி வைக்கிறார்கள். வால்வு மோசமாகவில்லை. நடையும் பேச்சும் நேரத்துக்கு வந்தன. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை லேபில் மறுபடி கேளுங்கள், புதிதாக விவரம் சேரச் சேரக் கட்டம் மாறும் என்று ஆலோசகர் சொல்லியிருந்தார். கேட்டோம். இன்னும் அதே நடுக் கட்டம்தான்.

தெருப் பெண்ணிடம் அந்த ஃபைலைத்தான் எடுத்துக் காட்டினேன். வட்டம் போட்ட 4.1, ஐந்து கட்டம் வரைந்த தாள், மொட்டைத்தலைப் போட்டோவின் நகல். அத்தை தன் ரிப்போர்ட்டையும் அதிலேயே வைக்கச் சொல்லிவிட்டார். மகளுக்கும் இந்த மாற்றம் இருக்கிறது, நாளைக்கு அவள் பிள்ளை உண்டாகும்போது டாக்டர் கேட்பார் என்று எல்லாவற்றிலும் இரண்டாவது பிரதி எடுத்து, அவள் பெயர் எழுதித் தனி உறையில் போட்டிருக்கிறேன்.