22 பவுண்டு: முன்சக்கரத்தைக் கழற்றி மாட்டிய கதை

டெக்சஸில் நானே கட்டிய ஆர்வி-9ஏ விமானத்துக்கு இந்த மாதம் வருடாந்தப் பரிசோதனை. கட்டியவன் என்பதால் அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்ஏஏ கொடுத்த ரிப்பேர்மேன் சான்றிதழ் கையில் இருக்கிறது. பரிசோதிப்பதும் கையெழுத்துப் போடுவதும் நானேதான். என்னை நானே ஏமாற்றிக்கொள்ளவும் இதைவிட வசதி கிடையாது. போன வருடம் அதைத்தான் செய்திருக்கிறேன்.

சில மாதங்களாகவே இறங்கி வேகம் குறையும்போது முன்பக்கம் படபடவென்று அதிரும். டயர் பேலன்ஸ் சரியில்லை என்று நினைத்துத் தள்ளிப்போட்டேன். இதில் முன்சக்கரத்தைத் திருப்ப ஸ்டியரிங் எதுவும் கிடையாது. சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டிச் சக்கரம் மாதிரி அது சும்மா சுழலும், திரும்புவதெல்லாம் பிரேக்கில்தான். அந்தச் சுழற்சி கொஞ்சம் இறுக்கமாக இருக்க வேண்டும். அச்சில் கொக்கி மாட்டிப் பக்கவாட்டில் இழுத்தால் 22 பவுண்டில், அதாவது சுமார் 10 கிலோவில், சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவையான ஃபோர்க் அசையத் தொடங்க வேண்டும் என்பது கணக்கு.

சிமென்ட் நிரப்பிய இரண்டு வாளிகளை வால் வளையத்தில் கட்டினேன், மூக்கு மேலே எழும்பியது. மீன் எடை பார்க்கும் தராசை மாட்டி இழுத்தேன். 9 பவுண்டு! சந்தேகப்பட்டு மூன்று முறை இழுத்தேன். அதேதான்.

நட் கழலாமல் துளையில் செருகியிருக்கும் காட்டர் பின்னை உருவி, நட்டைக் கழற்றி, ஃபோர்க்கை இறக்கினேன். இறுக்கத்தைத் தருபவை சாசர் மாதிரி குழிந்த ஸ்பிரிங் வாஷர்கள். கிரீஸ் காய்ந்து, துருப் பிடித்து, ஓரத்தில் கீறல் விழுந்து கிடந்தன. எது எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று கழற்றும் முன்பே போட்டோ எடுத்து வைத்தது நல்லதாகப் போயிற்று.

புது வாஷர் போட்டதும் 22 வந்துவிட்டது, ஆனால் காட்டர் பின் துளை நேருக்கு வரவில்லை. அடுத்த துளைக்கு இறுக்கினால் 30. ஒரு மெல்லிய வாஷர் சேர்த்ததும் சரியாகிவிட்டது. அப்புறம் ஃபோர்க்கை இருபது தடவை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஆட்டிவிட்டு அளந்தால் 17! புது வாஷர் படிந்து உட்காரும் என்பது தெரியாமல் அன்றே மூடியிருப்பேன். மறுபடி இறுக்க அரை நாள் போனது.

இதற்கு ஏன் இவ்வளவு பாடு? இந்த ரக விமானத்தின் முன்கால் ஒரே உருட்டு எஃகுத் தண்டு, கீழே போகப்போக மெலியும். புல் ஓடுதளத்தில் பள்ளத்தில் சக்கரம் சிக்கினால் தண்டு பின்னால் வளையும். நட் இருக்கும் நுனி மண்ணில் குத்தும், விமானம் குப்புறக் கவிழும். அப்படிக் கவிழ்ந்தவை பல. 2007இல் தயாரிப்பாளர் வெளியிட்ட சர்வீஸ் புல்லட்டின் என்ற அறிவிப்பின்படி ஃபோர்க்கை மாற்றினால் அந்த நுனிக்கும் தரைக்கும் இடையே சுமார் ஓர் அங்குலம் கூடும். என்னுடையது அந்தப் புது ஃபோர்க்தான். இருந்தாலும் பள்ளம் தெரிகிற புல்வெளியில் நான் இறங்குவதில்லை. தரை தொட்டதும் மூக்கை ஏற்றி இறக்கும் ஸ்டிக்கை வயிறு வரை இழுத்தே வைத்திருப்பேன், முன்காலில் பாரம் ஏறாமல் இருக்க.

சக்கரக் கூண்டையும் கழற்றினேன். உள்ளே ஒரு கை அளவு காய்ந்த சேறு. டயரில் காற்றும் பாதிதான். கூண்டு மூடியிருந்ததால் வெளியே தெரியவே இல்லை.

நேற்று விமானத்தைத் தரையிலேயே ஓட்டிப் பார்த்தேன், அதிர்வு இல்லை. திரும்பி வந்ததும் தராசை மாட்டினேன்: 21.