வாயில் வரும் எல்லாம் வெற்றிலையால் வருவதில்லை

வாய்ப் புற்றுநோய் பெரும்பாலும் வாயின் உள்பக்கத்தை மூடியிருக்கும் மேற்படலத்தில் தொடங்குவது. வெற்றிலை, பாக்கு, புகையிலை அதற்குப் பெரிய காரணம், அது உண்மை. ஆனால் எங்கள் மாமிக்கு வந்தது லிம்போமா என்ற வேறு புற்றுநோய். வெற்றிலையே தொடாத மனுசியைப் பற்றி, "களவாகப் போட்டிருப்பா" என்று களுவாஞ்சிகுடியில் சிலர் கதைத்ததைக் கேட்டு மனசு வெந்துபோனது.

லிம்போமா நிணநீர்க் கலங்களில் தொடங்குகிறது. நாக்கின் பின்பக்க வேர்ப் பகுதியிலும் டொன்சிலிலும் அந்தத் திசு நிறைய இருக்கிறது. அங்கே வந்தால் வலியே இல்லாத வீக்கமாகவும் இருக்கலாம். மாமிக்கு முதலில் சோறு இறங்கத் தடக்கியது. அப்புறம் குரல் மாறியது, வாய்க்குள் எதையோ அடக்கிக்கொண்டு பேசுவது போல.

வகைகள் பல. வாயில் அதிகம் காண்பது பி கலங்கள் என்ற ஒருவகை நிணநீர்க் கலங்கள் பெரிதாகிப் பரவலாக வளரும் வகை. வேகமாக வளரும், ஆனால் மருந்துக்கு நன்றாகக் கேட்கும். மால்ட் வகை மெதுவானது, உமிழ்நீர்ச் சுரப்பிகளில் வரும். பேர்கிட் பிள்ளைகளின் தாடையைப் பிடிக்கும். பிளாஸ்மாபிளாஸ்டிக் கூடுதலாக எச்ஐவி உள்ளவர்களுக்கு. எது என்று பயோப்சிக்காகச் சின்னத் துண்டு சதை எடுத்து, விசேட சாயப் பரிசோதனை செய்தால்தான் தெரியும். சிகிச்சையும் அதைப் பொறுத்ததுதான். பெரிய பி கல வகைக்குப் பெரும்பாலும் கீமோவும் ரிட்டுக்சிமாப் மருந்தும்தான். நாக்கை வெட்டிவிடுவார்கள் என்று பயந்து ஒளிந்திருக்காதீர்கள்.

வாயில் புண்ணோ வீக்கமோ 3 கிழமைக்கு மேல் மாறாவிட்டால் பல் டொக்டரிடமாவது காட்டுங்கள். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலேயே புற்றுநோய்ப் பிரிவு இருக்கிறது. எடுத்த எடுப்பில் மஹரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கு ஓடத் தேவையில்லை.