எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு டெனிஷ் பேப்பர்

மாதத்தில் ஒருக்கால் சாமான் வாங்க டென்மார்க்கின் ஒபென்றோவிலிருந்து எல்லை தாண்டி ஜேர்மனியின் ஃபிளென்ஸ்பேர்க் போவோம். மனைவி கடைகளுக்குள் போக, நான் நோர்டர் தெருவில் இருக்கிற டெனிஷ் மத்திய நூலகத்தில் 'ஃபிளென்ஸ்போர்க் அவிஸ்' பேப்பரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். 'அவிஸ்' என்றால் டெனிஷில் பத்திரிகை. முதல் இதழ் 1869 அக்டோபர் 1இல் வந்தது.

1864 போரில் டென்மார்க் தோற்க, ஃபிளென்ஸ்பேர்க் இருக்கிற ஸ்லெஸ்விக் பகுதி கைவிட்டுப்போய், கடைசியில் ஜேர்மன் அரசான பிரஷ்யாவோடு சேர்ந்தது. எந்த நாட்டோடு சேர்வது என்று வடக்கு ஸ்லெஸ்விக் மக்களிடம் வாக்கெடுப்பு வைப்பதாக 1866இல் பிராக் உடன்படிக்கையில் எழுதினார்கள்; 1878இல் அந்த வரியையே நீக்கினார்கள். 1888இல் பள்ளிக்கூடங்களில் சமயபாடம் தவிர மற்றதெல்லாம் ஜேர்மன் மொழிக்குப் போனது. அப்படியான காலத்தில் தினமும் டெனிஷில் ஒரு பேப்பர் வீட்டுக்கு வருவது எவ்வளவு பெரிய காரியம்! 1882இல் ஆசிரியரான யென்ஸ் யெஸ்ஸன் எழுதியதற்காகப் பலமுறை சிறைக்குப் போனார். 1902இல் பேர்லின் நாடாளுமன்றத்துக்கும் தெரிவானார்.

யெஸ்ஸனைப் பற்றி வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அப்பாவின் நினைவு வரும். 1981இல் யாழ்ப்பாணத்தில் 'ஈழநாடு' அலுவலகத்தை எரித்தபிறகும் அவர் சில நாள் விடிய எழும்பிப் படலையடியில் போய் நின்றார். பேப்பர் வராது என்று அவருக்குத் தெரியும்.

1920 வாக்கெடுப்பில் ஸ்லெஸ்விக்கின் வடபகுதி டென்மார்க்கோடு சேர்ந்தது. ஃபிளென்ஸ்பேர்க்கில் பெரும்பான்மை ஜேர்மனிக்கு வாக்களித்தது. பேப்பர் ஊரைவிட்டு வடக்கே போகவில்லை, தெற்கில் மிஞ்சிய டெனிஷ்காரரோடேயே நின்றது. அந்த முடிவுக்காகவே அதன்மேல் எனக்குத் தனி மரியாதை.

சொந்தக்காரர் யார் என்று தேடிப்பார்த்தேன். எங்கள் பக்கத்து 'யுட்ஸ்கே வெஸ்ட்குஸ்டன்' யூஸ்க் ஃபூன்ஸ்கே என்ற பெரிய ஊடகக் குழுமத்தின் பேப்பர். இது அப்படி இல்லை. பங்கு நிறுவனம்தான், ஆனால் பங்குகள் அந்தச் சிறுபான்மை மக்களுக்குள்ளேயே பரவிக்கிடக்கின்றன. டென்மார்க் அரசும் ஆண்டுதோறும் பணம் கொடுக்கிறது. வாசகரே பங்குதாரர் என்றால் பேப்பரில் பிழை கண்டவருக்குக் கூட்டத்தில் எழும்பிக் கேட்க உரிமை உண்டு. எனக்கு அது பிடித்திருக்கிறது.

முதல்முறை விரித்தபோது ஒன்று மட்டும் உறுத்தியது. உள்ளே ஜேர்மன் பக்கங்களும்! மொழியைக் காக்க வந்த பேப்பரில் இது என்ன என்று மனம் கசந்தது. பிறகுதான் விளங்கியது. 1945க்குப் பின் டெனிஷ் பக்கம் சேர்ந்த பல குடும்பங்களில் வீட்டுமொழி ஜேர்மன். அவர்களுக்கென்று 1946இலிருந்து தனியாக ஒரு ஜேர்மன் பேப்பர் வந்தது. 1974இல் அதை இதனோடு சேர்த்துவிட்டார்கள். அன்றுமுதல் ஒரே தாளில் இரண்டு மொழி. பாட்டி டெனிஷ் பக்கத்தையும் பேரன் ஜேர்மன் பக்கத்தையும் வாசிக்கலாம், பேப்பர் ஒன்றுதான்.

என் மகள் தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். போன வருஷம் எங்கள் சங்கத்து மலரைப் புரட்டிவிட்டு, "அப்பா, இதில எனக்கு ஒண்டும் இல்லையே" என்றாள். அப்போது நான் கோபப்பட்டேன். போன கிழமை சங்கக் கூட்டத்தில் எழும்பி, வருகிற மலரில் நாலு பக்கம் டெனிஷுக்குத் தரவேண்டும் என்று கேட்டேன். இரண்டு பேர் கடுமையாக எதிர்த்தார்கள். அடுத்த கூட்டத்துக்கு அந்தப் பேப்பரில் ஒன்றை வாங்கிக்கொண்டு போகப்போகிறேன்.