எட்டுக் கோப்பைத் தேநீரும் பி-மதிப்பும்

முதுகலை முதல் பருவப் புள்ளியியல் தேர்வில் பி-மதிப்பை (p-value) வரையறுக்கச் சொன்ன சிறு வினாவுக்கு, "இன்மை எடுகோள் உண்மையாக இருப்பதற்கான நிகழ்தகவு" என்று எழுதி மதிப்பெண்ணை இழந்தேன். இன்மை எடுகோள் (null hypothesis) என்பது, நாம் தேடும் விளைவு எதுவும் இல்லை என்று சோதனைக்காக வைத்துக்கொள்ளும் அனுமானம். அதே தாளில், சராசரிகளை ஒப்பிடும் டி-சோதனைக் (t-test) கணக்கைப் பிழையின்றிப் போட்டிருந்தேன். சூத்திரம் கைக்கு வந்த பிறகும் பொருள் பிடிபடாமல் போகக்கூடும் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. அதன்பின் நான் இத்தகைய புள்ளியியல் சோதனைகளைப் படித்த முறையை, தேர்வுக்கு ஆயத்தமாகும் மாணவர்களுக்குப் பயன்படும் என்று எண்ணி இங்கே எழுதுகிறேன்.

பாடநூலை மூடிவிட்டு நான் முதலில் எடுத்துக்கொண்டது, இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய ரொனால்ட் ஃபிஷர் 1935-இல் வெளியிட்ட நூலில் விளக்கும் தேநீர்ச் சோதனையை. கோப்பையில் முதலில் பாலை ஊற்றினார்களா, தேநீரை ஊற்றினார்களா என்பதைச் சுவைத்தே சொல்லிவிட முடியும் என்கிறார் ஒரு பெண்மணி. நான்கில் பால் முதலிலும் நான்கில் தேநீர் முதலிலுமாக எட்டுக் கோப்பைகளைத் தயாரித்து, வரிசையைக் குலைத்து அவரிடம் தருகிறார்கள். பால் முதலில் ஊற்றிய நான்கு எவை என்பதை அவர் பிரித்துக் காட்ட வேண்டும். "அவருக்கு அந்தத் திறன் இல்லை, வெறும் ஊகமாகவே சொல்கிறார்" என்பதே இன்மை எடுகோள்.

எட்டிலிருந்து நான்கைத் தேர்ந்தெடுக்க 70 வழிகள் உண்டு. ஊகமாகச் சொல்பவருக்கு இந்த 70-உம் சமவாய்ப்புடையவை. நான்கையும் சரியாகச் சொல்லும் வழி ஒன்றே என்பதால், அப்போது பி-மதிப்பு 1/70, அதாவது ஏறத்தாழ 0.014. மூன்று சரி, ஒன்று தவறு என்றால் அதற்கு 16 வழிகள். முழுவதும் சரியான ஒரு வழியையும் சேர்த்தால் 17/70, அதாவது 0.24. அந்த ஒன்றை ஏன் சேர்க்கிறோம் என்று நான் வெகுநேரம் யோசித்தேன். கிடைத்த முடிவையும், இன்மை எடுகோளுக்கு அதைவிட முரணான முடிவுகளையும் சேர்த்துக் கணக்கிடுவதே பி-மதிப்பு என்பது அந்த யோசனையில்தான் தெளிவாயிற்று. எட்டுத் துண்டுச் சீட்டுகளை வைத்துக்கொண்டு இந்த 70-ஐயும் ஒருமுறை நீங்களே எண்ணிப் பாருங்கள். அரைமணி நேரம் செலவானாலும் வீண்போகாது.

இதிலிருந்தே என் பழைய பிழையின் வேரும் தெரிந்தது. 70 வழிகளும் சமவாய்ப்புடையவை என்று சொல்லும்போதே இன்மை எடுகோளை உண்மையென ஏற்றுக்கொண்டுதான் கணக்கைத் தொடங்குகிறோம். அப்படித் தொடங்கிய கணக்கின் விடை, அந்த எடுகோளே எந்த அளவுக்கு உண்மையாக இருக்கக்கூடும் என்பதைச் சொல்ல முடியாது. இரவு மழை பெய்திருந்தால் காலையில் வாசல் ஈரமாக இருக்கும் வாய்ப்பு மிக அதிகம். ஆனால் வாசல் ஈரமாக இருப்பதை வைத்து மழை பெய்திருக்கும் வாய்ப்பும் அவ்வளவே என்று சொல்லிவிட முடியுமா? கோலம் போடுவதற்காக யாரேனும் தண்ணீர் தெளித்திருக்கலாம். இரண்டு நிகழ்தகவுகளும் வேறு வேறானவை.

அடுத்து நான் சரிசெய்துகொண்டது மாதிரியின் அளவு பற்றிய புரிதலை. ஒரு நாணயத்தை 10 முறை சுண்டி 6 தலை விழுந்தால், தலை கூடுவதையும் குறைவதையும் ஒருங்கே கணக்கில் கொள்ளும் இருமுனைச் சோதனையில் பி-மதிப்பு 0.75 (இங்கே இன்மை எடுகோள், நாணயம் ஒருபக்கச் சார்பற்றது என்பது). அதே நாணயத்தை 10,000 முறை சுண்டி 5,100 தலை விழுந்தால் ஏறத்தாழ 0.046 வருகிறது. முன்னதில் விலகல் 10 விழுக்காட்டுப் புள்ளிகள், பின்னதில் ஒன்றே ஒன்று, ஆனாலும் இன்மை எடுகோளை நிராகரிக்க வழக்கமாக வைக்கும் 0.05 என்ற வரம்புக்குக் கீழே வருவது பின்னதுதான். ஆகவே சிறிய பி-மதிப்பைப் பெரிய விளைவு என்று எழுதிவிடாதீர்கள். விளைவின் அளவையும், அந்த மதிப்பீடு எவ்வளவு துல்லியமானது என்பதைக் காட்டும் நம்பக இடைவெளியையும் (confidence interval) உடன் குறிப்பிடுங்கள்.

விடைத்தாளில் நான் கண்டிப்பாகக் கைவிட்ட மற்றொரு சொற்றொடர், "இன்மை எடுகோள் ஏற்கப்படுகிறது" என்பது. மூன்று கோப்பைகளைச் சரியாகச் சொன்ன பெண்மணிக்கு 0.24 வந்ததனால் அவருக்குத் திறனே இல்லை என்று ஆகிவிடாது. எட்டுக் கோப்பைகள் அதை வெளிக்கொணரப் போதாமல் இருந்திருக்கலாம். இன்மை எடுகோளைப் பொய்ப்பிக்க வாய்ப்புண்டு, ஒருபோதும் மெய்ப்பிக்க முடியாது என்பதை ஃபிஷரும் வலியுறுத்தியிருக்கிறார். எனவே மறு ஆண்டுத் தேர்வில் நான் எழுதிய முடிவுரை வரி இது: "பி-மதிப்பு 0.24, 0.05-ஐ விட அதிகம்; ஆகவே இன்மை எடுகோளை நிராகரிக்க இத்தரவில் போதிய சான்று இல்லை."